ஃபைலுக்கு ஊர் இல்லை

அம்பத்தூர், சென்னை
9 ஜூன் 2024

அன்புள்ள நிர்மலாவுக்கு,

ராஜவேல் எழுதுவது. நலம்தானே? என் எண்ணைப் பார்த்தால் நீ போனை எடுப்பதில்லை. நம் பெண் மூலமாகச் சொல்லியனுப்பலாம் என்று பார்த்தால், "ஒங்க சண்டைக்கு நான் கொரியர் இல்லப்பா" என்று ஹாஸ்டலிலிருந்து இனியா சொல்லிவிட்டாள். அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு தாளில் இவ்வளவு எழுதியதில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இந்த வாரம் ஒன்று நடந்தது. உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இங்கே எங்கள் வேலை எப்படி என்று உனக்குத் தெரியாது. ஒரு நீண்ட கூடம். வரிசையாகத் திரைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஆள். எந்த ஊர் டாக்டரோ ஸ்கேனரை வாயில் விட்டு எடுத்த பல் வரிசை, ஃபைலாக எங்களுக்கு வந்துவிடும். அச்சு எடுப்பதில்லை, பிளாஸ்டர் ஊற்றுவதில்லை. ராவிய பல்லுக்கு மேல் உறையாக மாட்ட வேண்டிய கிரவுனைத் திரையிலேயே வரைந்து அனுப்பினால் கீழ்த்தளத்தில் மில்லிங் மெஷின் அதைக் கடைந்து போடும். நோயாளியின் பெயர் தெரியாது. ஊர் மட்டும் ஓரமாகப் போட்டிருக்கும்.

செவ்வாய்க்கிழமை வந்த ஒரு ஃபைலில் ஊர், புதுச்சேரி. மேல் வரிசையில் இடது பக்கம் ஒரு பல்லை ராவி வைத்திருந்தார்கள். அதை ஒட்டிப் பின்னால் இருந்தது பிறந்த பல் இல்லை, பழைய கிரவுன். திருப்பிப் பார்த்தேன். பின் மேட்டின் சரிவில், மெழுகில் செதுக்கும்போது கத்தி முனையால் நீ இழுப்பாயே, ஒரு வளைந்த பள்ளம், அது இருந்தது. "யாருடி பாக்கப் போறா இத?" என்று நான் எத்தனை முறை கேலி செய்திருப்பேன். நான்தான் பார்த்தேன். பக்கத்துத் திரைக்காரர் என்ன ஆச்சு என்று கேட்கிற அளவுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் உறைத்தது. அது சாரத்தில் நம் பல் லேபுக்கு வரவேண்டிய வேலை. இந்த டாக்டர் முன்பு உனக்குக் கொடுத்தவர். இப்போது எனக்குக் கொடுக்கிறார். அவருக்கே அது தெரியாது. புதுச்சேரி என்று போட்டு வரும் ஃபைல்கள் மாதத்துக்கு மாதம் கூடுகின்றன. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், குத்திக்காட்ட இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே மெஸ் சாப்பாடு, எல்லாக் குழம்பும் ஒரே குழம்பு.

அன்புடன்,
ராஜவேல்


சாரம், புதுச்சேரி
16 ஜூன் 2024

மதிப்பிற்குரிய ராஜவேல் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து கோணல்தான்.

நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்று இல்லை. காலையில் நம் லேப் பெண் மாலா டாக்டர்களிடம் போய் அச்சுப் பெட்டி வாங்கி வரும்போது வண்டியின் பின்னால் கட்ட முடியாமல் கட்டிக்கொண்டு வருவாளே, இப்போது முன்னால் மாட்டும் பையிலேயே அடங்கிவிடுகிறது. எந்த டாக்டரும் 'இனிமேல் உங்களுக்கு இல்லை' என்று சொல்வதில்லை. நல்லா இருக்கியாம்மா என்று விசாரிக்கிறார்கள், பெட்டி மட்டும் இருக்காது. தவளக்குப்பம் டாக்டர் ஒருத்தர் இன்னும் ஒழுங்காக அச்சு எடுத்து அனுப்புகிறார். காந்தி வீதி இராமதாஸ் டாக்டரும் அனுப்புகிறார். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் அவரிடம்தான் பல் கட்டுகிறார்கள், அதனால் வேலை ஓடுகிறது.

நம் லேபுக்கு வரவேண்டிய வேலை என்று தெரிந்த பிறகு அதை என்ன செய்தீர்கள்? செய்துதானே அனுப்பினீர்கள்? கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். என் கிரவுனை ஒட்டி உட்கார்ந்திருப்பது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று எனக்கும் தெரியவேண்டாமா?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போகும்போது, "நீ மெழுகையும் கத்தியையுமே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் மெஷின் வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அதற்காக வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்க வேண்டாம் என்றேன். அம்மா எனக்கென்று எழுதிவைத்த வீடு. இரண்டும் ஒன்று இல்லை. உங்கள் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுந்தது.

போன் செய்ய வேண்டாம். போனில் நீங்கள் பேசி முடிப்பதற்குள் நானும், நான் பேசி முடிப்பதற்குள் நீங்களும் ஆரம்பித்துவிடுகிறோம். எழுதினால் குறுக்கே பேச முடியாது. எழுதுங்கள்.

இப்படிக்கு,
நிர்மலாதேவி


அம்பத்தூர்
30 ஜூன் 2024

அன்புள்ள நிர்மலாவுக்கு,

'மதிப்பிற்குரிய' என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸோ என்று பயந்துவிட்டேன். பிறகு 'எழுதுங்கள்' என்ற வார்த்தையில் வந்து மூச்சு விட்டேன்.

செய்துதான் அனுப்பினேன். வேறு ஆளிடம் போயிருந்தால் உன் கிரவுனைப் பார்க்காமலேயே செய்திருப்பார்கள். நான் அந்தப் பள்ளத்துக்கு இணையாகப் புதிய பல்லிலும் ஒன்று வைத்தேன். நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது, திரும்பி வரவில்லை.

பத்திர விஷயம். நீ எழுதியிருப்பதை இரண்டு மூன்று தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் எல்லாம் வாதமாகவே வருகிறது. அதனால் இப்போதைக்கு, படித்தேன், புரிந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

இன்னொரு செய்தி. இதை நீ வேறு யார் வாயிலாகவும் கேட்கக் கூடாது. எங்கள் மேனேஜர் கலைவாணன் என்னைக் கூப்பிட்டார். புதுச்சேரி டாக்டர்களிடம் ஸ்கேனரைக் கொண்டுபோய்க் காட்ட ஒரு வண்டி ஏற்பாடு செய்கிறார்கள். "அந்த ஊர் டாக்டருங்க எல்லாம் ஒனக்குப் பழக்கம். நீ வந்து வாயில வச்சுக் காட்டு, மீதிய நான் பேசிக்கிறேன்" என்கிறார். நீயும் நானும் பழைய ஸ்கூட்டரில் மாதிரி கிரவுன்களை எடுத்துக்கொண்டு முதல்முதலாக ஏறி இறங்கிய அதே படிகள். இராமதாஸ் டாக்டர் பெயரும் மேனேஜரின் பட்டியலில் இருக்கிறது.

நான் மாட்டேன் என்றால் வேறு ஒருவன் வருவான். ஸ்கேனர் வருவது நிற்காது. ஆனாலும் நீ வேண்டாம் என்றால், வயிற்று வலி என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறேன். என்ன செய்யட்டும்?

அன்புடன்,
ராஜவேல்


சாரம்
5 ஜூலை 2024

ராஜவேல் அவர்களுக்கு,

வாருங்கள். வயிற்று வலி எல்லாம் வேண்டாம். பொய் சொன்னால் உங்கள் காது சிவந்துவிடும், கண்டுபிடித்துவிடுவார்கள்.

டாக்டர்கள் நல்ல கருவியைப் பார்த்து வாங்குவதை நான் தடுத்து என்ன ஆகப்போகிறது? அச்சுப் பொருளை வாயில் வைத்தால் குமட்டும் நோயாளிகளை நானும்தான் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும். அன்றைக்கு வீட்டுக்கு வரவேண்டாம். கோபம் இல்லை. உங்களை விருந்தாளி மாதிரி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க எனக்குத் தெரியாது. வீட்டு ஆள் மாதிரி 'நீங்களே எடுத்துக் குடிங்க' என்று சொல்லவும் இப்போது வராது.

நிர்மலாதேவி


அம்பத்தூர்
21 ஜூலை 2024

அன்புள்ள நிர்மலாவுக்கு,

நீ சொன்னபடி வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆனால் இராமதாஸ் டாக்டரிடம் நீ வந்துவிட்டாய். நீ வருவாய் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. மாலாவுக்குக் காய்ச்சல், அதனால் பெட்டியை நீயே கொண்டுவந்தாய் என்று பிறகு அங்கிருந்த நர்ஸ் சொன்னாள்.

நடந்தது உனக்கும் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மனதுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தால் தாங்கவில்லை.

நான் ஸ்கேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கலைவாணன் விலை பேசிக்கொண்டிருந்தார். நீ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாய், என்னைப் பார்த்தாய், பெட்டியை மேசையில் வைத்தாய். நாம் தனித்தனியாக இருப்பது டாக்டருக்குத் தெரியாது. சென்னையில் வேலை என்றுதானே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். அவர் பாட்டுக்கு உற்சாகமாக ஆரம்பித்தார்.

"வாம்மா நிர்மலா, நல்ல நேரத்துல வந்த. யாரு வாயில காட்டறதுன்னு யோசிச்சிட்டிருந்தோம். ஒக்காரு. ஒன் வூட்டுக்காரரே காட்டட்டும்."

"இல்ல சார், எனக்கு வேல கெடக்கு."

"அஞ்சு நிமிஷம்மா. வேலைய பத்தித்தான இதுவும்."

நீ செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாய். இராமதாஸ் டாக்டரிடம் யாரும் செருப்பைக் கழற்ற மாட்டார்கள். நீ ஏன் கழற்றினாய் என்று இன்னும் யோசிக்கிறேன். எல்லா நோயாளிக்கும் சொல்வதை உனக்கும் சொன்னேன்: "வலிச்சா கைய தூக்கு." நீ கண்ணை மூடிக்கொண்டாய். கையைத் தூக்கவே இல்லை.

திரையில் உன் பற்கள் ஒவ்வொன்றாக வந்தன. மேல் வரிசைக்குப் பிறகு கீழ் வரிசையும் முடிந்ததும் நான் நிறுத்திவிட்டேன். கடைவாய்ப் பற்களில் மேடு என்று ஒன்றுமே இல்லை. அம்மிக்கல் மாதிரி தேய்ந்து தட்டையாகக் கிடந்தன. ஊருக்கெல்லாம் மேடும் பள்ளமும் செதுக்கிக் கொடுக்கிறவளின் வாயில்.

டாக்டரும் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, எல்லாம் தேஞ்சு போயிருக்கு! தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிக்கிறியா?"

"தெரியல சார்," என்றாய். "பக்கத்துல படுக்கறவங்கதான சொல்லணும்."

டாக்டர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவருக்குப் புரிந்துவிட்டது. நான் கேபிளைச் சுற்றினேன். சுற்றி முடிந்த பிறகும் சுற்றினேன். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ அவர்தான் கேட்டார்: "சரி ராஜவேலு, இந்த மெஷின வாங்குனா ஃபைல ஒங்க கம்பெனிக்கு மட்டுந்தான் அனுப்பணுமா?"

கலைவாணன் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "அப்படில்லாம் இல்ல சார். ஃபைலுக்கு ஊரு கெடையாது. சென்னைக்கும் போவும், சாரத்துக்கும் போவும். யாரு நல்லா செய்வாங்கன்னு நெனைக்கிறீங்களோ அவுங்களுக்கு அனுப்புங்க."

நீ கண்ணைத் திறந்தாய். அதை மட்டும் பார்த்தேன்.

நீ போன பிறகு நடந்தது இது. டாக்டர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ஆனால் வண்டி திண்டிவனம் தாண்டியதும் கலைவாணன் என் பக்கம் திரும்பினார். "நீ யாருக்குய்யா வேல பாக்குற?" என்றார். "ஒங்களுக்குத்தான் சார். அவர் கேட்டாரு, உள்ளத சொன்னேன்," என்றேன். இனிமேல் வெளியூர் வேலைக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். டிசைன் பிரிவின் தலைவர் பதவி எனக்கு என்று பேச்சு இருந்தது, அதுவும் இப்போது இல்லை. திரை இருக்கிறது, போதும்.

நிர்மலா, எப்போதிலிருந்து பல்லைக் கடிக்கிறாய்?

ராஜவேல்


சாரம்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள உங்களுக்கு,

அன்று டாக்டரிடம் சொன்ன அந்த வார்த்தை நான் யோசித்துச் சொன்னது இல்லை. வாயைத் திறந்து வைத்திருந்தபோது உள்ளே இருந்தது, மூட வழியில்லாமல் வெளியே வந்துவிட்டது. டாக்டர் அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முன்பைவிட மரியாதையாகப் பேசுகிறார், அதுதான் சங்கடமாக இருக்கிறது.

எப்போதிலிருந்து என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுதமாட்டேன். லீவுக்கு வந்தபோது இனியா சொன்னாள், "அம்மா, நீ அரிசி மென்னுட்டே தூங்குறியா?" என்று. அவ்வளவுதான் எனக்கும் தெரியும்.

உங்கள் பதவி போனதற்கு வருத்தம். நிஜமாகவே. உங்களுக்கு அது பிடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது என் செய்தி. நெல்லித்தோப்பு லேப் சூசை ஞாபகம் இருக்கிறதா? நம் டாக்டர்களை நாமும் அவர் டாக்டர்களை அவரும் மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தோமே, அதே சூசை. மே மாதமே வந்தார். காபி கொடுத்தேன், "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் இல்லையா, வீட்டுப் பழக்கம். "ஏம்மா, நீயும் நானும் போட்டி போட்டுது போதும். இப்ப ரெண்டு பேருக்கும் பெட்டி வரல. சேந்து ஒரு மெஷின் வாங்குவமா?" என்றார். மெஷின் அவர் இடத்தில். டிசைன் எங்கள் பொறுப்பு. வீட்டுப் பத்திரம் என் பீரோவிலேயே இருக்கிறது.

உங்களுக்கு அப்போதே எழுதவில்லை. ஆகுமா ஆகாதா என்று தெரியாமல் எழுத மனம் வரவில்லை. நீங்கள் சிரிப்பீர்களோ என்றும் இருந்தது.

மாலா சென்னையில் ஒரு வகுப்புக்குப் போய் வந்தாள். அவளிடம் நான் கற்றுக்கொள்கிறேன். முதல் வாரம் மவுஸ் ஒரு பக்கம், பல் ஒரு பக்கம் ஓடியது. திரையில் பல் அந்தரத்தில் மிதக்கிறது, அதைப் பிடித்து நிறுத்தவே எனக்குத் தலை சுற்றியது. இப்போது பழகிவிட்டது. பிடித்தும்விட்டது. மெழுகில் ஒரு கீறல் தவறினால் மறுபடி உருக்கி ஊற்ற வேண்டும். இதில் ஒரு பொத்தான், பழையபடி வந்து நிற்கிறது. கழுத்து வலிகூடக் குறைந்திருக்கிறது.

போன வாரம் இராமதாஸ் டாக்டர் முதல் ஃபைலை எங்களுக்கு அனுப்பினார். நானே வரைந்தேன். மெஷினில் கடைந்து, சுட்டு, நிறம் ஏற்றிக் கொடுத்தோம். திரும்பி வந்துவிட்டது. பக்கத்துப் பல்லோடு இறுக்கம், உள்ளே இறங்கவே இல்லை. டாக்டர் திட்டவில்லை, "இன்னொரு தடவ பாரும்மா" என்றார். திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. மாலாவுக்கும் பிடிபடவில்லை, சூசைக்கும் தெரியவில்லை.

உங்களைக் கேட்க எனக்கு வெட்கம் இல்லை. எங்கே தவறு?

நிர்மலாதேவி


அம்பத்தூர்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நிர்மலாவுக்கு,

சிரிக்கவில்லை. படித்துவிட்டு எழுந்து கூடத்தின் கோடி வரை நடந்துபோய்த் திரும்பி வந்தேன்.

தவறு உன் டிசைனில் இருக்காது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு குணம் உண்டு. சில மெஷின்கள் நீ வரைந்ததைவிட ஒரு முடி அளவு தடிமனாகவே கடையும். திரையில் தொட்டுக்கொண்டு நிற்பது கையில் வரும்போது முட்டும். சூசையிடம் சொல்லி ஒரே கிரவுனை மூன்று விதமாகக் கடையச் சொல். பக்கத்துப் பல்லை இலேசாகத் தொடுவது ஒன்று, தொட்டும் தொடாமலும் ஒன்று, மயிரிழை இடைவெளி விட்டு ஒன்று. மூன்றையும் ஒரு மாதிரிப் பல் வரிசையில் பொருத்திப் பார். எது சத்தமில்லாமல் இறங்குகிறதோ அதுதான் உங்கள் மெஷினின் கணக்கு. இங்கேயும் ஒவ்வொரு புது மெஷினுக்கும் இப்படித்தான் செய்தோம், முதல் மாதம் குப்பைக்கூடை நிறைய கிரவுன்.

ஒரு சின்னப் பார்சல் தனியாக வரும். கோபப்படாமல் பிரி.

அன்றைக்கு எடுத்த உன் ஸ்கேனை அழித்திருக்க வேண்டும், விதி அப்படி. நான் அழிக்கவில்லை. அதை வைத்து, தூங்கும்போது மேல் பல்லில் மாட்டிக்கொள்ளும் தட்டு ஒன்றைச் செய்தேன். கண்ணாடி மாதிரி இருக்கும். பல்லைக் கடித்தால் தட்டுதான் தேயும், பல் தேயாது. மதியச் சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து வரைந்தேன். பொருளுக்கான காசைக் கட்டிவிட்டேன், திருட்டு இல்லை. இராமதாஸ் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போட்டுக்கொள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு டிசைன் தெரிந்த ஆள் வேண்டும். எனக்கு அது தெரியும். நான் வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா? உன் பதில் எதுவாக இருந்தாலும் வாதம் செய்யமாட்டேன்.

அன்புடன்,
ராஜவேல்


சாரம்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள உங்களுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நேற்று சதுர்த்தி, இனியா வந்திருந்தாள். கொழுக்கட்டை அவள் பிடித்தாள். வாயில் போட்டால் நன்றாக இருந்தது, கண்ணால் பார்க்க முடியவில்லை. பல் செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளையா இது என்று மாலா கேட்டுவிட்டாள்.

நீங்கள் சொன்னபடி மூன்று விதமாகக் கடைந்து பார்த்தோம். மயிரிழை விட்டதுதான் இறங்கியது. இராமதாஸ் டாக்டருக்குப் போன இரண்டாவது கிரவுன் திரும்பி வரவில்லை. பல் கட்டிக்கொண்டவர் லபோர்த் வீதியில் இருக்கும் ஒரு பெரியவர், பிரான்சிலிருந்து பென்ஷனோடு வந்தவர். இது எந்த நாட்டில் செய்தது என்று டாக்டரைக் கேட்டாராம். சாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தவளக்குப்பம் டாக்டருக்கும் ஸ்கேனர் வாங்க ஆசை வந்துவிட்டது. மாலா வண்டியை விற்றுவிடலாமா என்கிறாள், வேண்டாம் என்றேன். செய்து முடித்த பல் ஃபைலாகப் போகாதே.

பார்சல் வந்தது. முதலில் கோபம்தான். என் வாயை என்னைக் கேட்காமல் சென்னையில் வைத்திருந்திருக்கிறீர்கள். அந்த ஃபைலை எனக்கு அனுப்பிவிட்டு உங்களிடம் இருப்பதை அழித்துவிடுங்கள். என்னுடையது என்னிடம் இருக்கட்டும். கோபத்தில் ஒரு வாரம் பார்சலைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தேன். பிறகு எடுத்து டாக்டரிடம் காட்டினேன். "யாரு செஞ்சது?" என்றார். அவருக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டார். "எங்க வூட்டுக்காரர் சார்" என்றேன். நன்றாகப் பொருந்துகிறது. இடது பக்கம் ஒரே ஒரு இடம் உயரமாக இருந்தது, அதை நானே தேய்த்துச் சரிசெய்துகொண்டேன். தாடை வலி இல்லாமல் எழுந்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வாதம் செய்யமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

லேபுக்கு வர வேண்டாம். நீங்கள் வந்தால் இரண்டாவது நாளே நான் வரைவதை நின்று பார்ப்பீர்கள், மூன்றாவது நாள் மவுஸை வாங்குவீர்கள். உங்களுக்கு அது உதவி. எனக்கு அது பழைய வீடு, பழைய சண்டை. நானும் மாலாவும் சூசையும் தப்பு செய்து தப்பு செய்து ஒரு வழிக்கு வந்திருக்கிறோம். அது அப்படியே இருக்கட்டும். நீங்கள் உங்கள் வேலையிலேயே இருங்கள். பதவி இல்லை என்றால் என்ன, கை இருக்கிறது. சந்தேகம் வந்தால் கேட்பேன்.

ஆனால் வீடு வேறு, லேப் வேறு. அதைப் புரிந்துகொள்ள எனக்கும் இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

வருகிற சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஸ் ஏறுங்கள். மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம், வத்தக்குழம்பு வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கலாம், உங்களுக்குப் பேரம் பேசத் தெரியாது, நான் வருகிறேன். அன்று மாலை பஸ் ஸ்டாண்டுக்கு நானே கூட்டிக்கொண்டு வந்து சென்னை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். திருப்பி அனுப்புகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் போய்விடுவீர்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் எனக்கு வாங்க என்று சொல்லத் தைரியம் வருகிறது.

நிர்மலா